எந்தக் கேள்விக்கு வேகம்? நிலப் பதிவேடு, இண்டெக்ஸ், அதிகாரம்

பெரிய அட்டவணை ஒன்றில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்க நேர்வதைக் கணினிக்காரர்கள் ஒரு தொழில்நுட்பக் கோளாறாகவே பார்க்கிறார்கள். சர்வர் பத்தலை, மெமரி பத்தலை, இண்டெக்ஸ் போடலை. பெரும்பாலும் மூன்றாவதுதான் உண்மையான காரணம். ஆனால் 'இண்டெக்ஸ் போடவில்லை' என்கிற வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதை நாம் கவனித்தாக வேண்டும். யார் போடவில்லை? எந்தக் கேள்விக்குப் போட்டார்கள், எதற்குப் போடாமல் விட்டார்கள்? இப்படிக் கேட்கத் தொடங்கியதுமே விஷயம் கணினி அறையை விட்டு வெளியேறித் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றுகொள்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் நிலப் பதிவேடுகளை முன்வைத்து இந்தத் தாமதத்தின் வரலாற்றைச் சற்றுப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இயந்திரம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு கோடி வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரி ஒன்றுக்கு 200 பைட் என்றால், 8 கிலோபைட் பக்கம் ஒன்றில் 40 வரிகள் அடங்கும். ஆக மொத்தம் 2,50,000 பக்கங்கள். எந்த ஒழுங்கும் இல்லாத இந்தக் குவியலில் ஒரு சர்வே எண்ணைத் தேடச் சொன்னால், இயந்திரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். முழு அலசல் என்பது இதுதான். இதற்கு மாற்றாக, சர்வே எண்களை மட்டும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவைத்த ஒரு தனி ஏட்டை உண்டாக்கலாம். அந்த ஏடு பெருத்துவிட்டால் அதற்கு மேல் ஓர் ஏடு, அதற்கும் மேல் இன்னொன்று. மரம்போல் கிளைக்கும் இந்த அமைப்பை 1970இல் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வடித்தார்கள். பி-மரம் என்று பெயர். ஒரு பக்கத்தில் 300 எண்கள் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் மூன்றே அடுக்கில் 2 கோடியே 70 லட்சம் எண்களைத் தொட்டுவிடலாம். இரண்டரை லட்சம் பக்கங்களைப் புரட்ட வேண்டிய இடத்தில் நான்கு பக்கங்கள் போதும்.

இது இலவசம் அல்ல. மூல அட்டவணையில் ஒரு வரி மாறினால் அந்த வரி இடம்பெற்றுள்ள எல்லா இண்டெக்ஸ்களையும் திருத்தியாக வேண்டும். பத்து இண்டெக்ஸ் வைத்திருந்தால் தேடல் பறக்கும், எழுதுவது நொண்டும். ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, 'இந்தக் கேள்வி அடிக்கடி வரும், அந்தக் கேள்வி வராது' என்று முன்கூட்டியே தீர்மானிக்கிறார். வேகம் என்பது நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார்கள் என்பதைப் பற்றிய இன்றைய ஊகம். அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை இந்த ஊகத்தைச் செய்தவர் யார் என்பது சின்ன விஷயம் அல்ல.

அடுக்கடுக்காகச் சுருக்கிக்கொண்டு போய் ஒரு துண்டு நிலத்தைத் தொடும் முறையைப் போயிங் கம்பெனி வந்துதான் கற்றுத்தர வேண்டும் என்பதில்லை. உத்திரமேரூரிலும் காவிரிப் படுகையிலும் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனாவது கண்ணாறு, இத்தனாவது சதிரம் என்று நிலத்தின் முகவரி இறங்கிவரும். வதியும் வாய்க்காலும் மேல் அடுக்கு, கண்ணாறு அதற்குக் கீழ், சதிரம் இலை. புரவுவரித் திணைக்களம் என்ற நில வருவாய்த் துறையும் வரிப்பொத்தகம் என்ற பதிவேடும் அதற்கென அதிகாரிகளும் அன்று இருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வரிக் கணக்கு தலைநகரத்துக்கு வந்து சேர்ந்த மண் இது.

அந்தக் கணக்கில் யார் எப்படித் தென்படுகிறார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியலில், ஊரின் மொத்த நிலத்திலிருந்து கழித்துவிட வேண்டிய, வரி வராத நிலங்கள் சொல்லப்படுகின்றன. ஊர்நத்தம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி. சேரி அங்கே கழிக்கப்படும் பரப்பளவாகவே பிரதியில் நுழைகிறது. 'இந்தச் சேரியில் இருப்பவர் எந்த நிலத்தில் உழைக்கிறார்' என்ற கேள்விக்கு அந்தப் பொத்தகத்தில் வரிசை கிடையாது. வரி கேட்பவனின் கேள்விக்கு மட்டுமே வரிசை உண்டு. இதைச் சோழர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை (அதற்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன). வரிசை என்பதே ஒரு அரசியல் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் ரயத்துவாரி கிராமங்களில் சர்வே எண்ணைக் கொண்டுவந்தார்கள். உடையார்பாளையம் போன்ற ஜமீன் பகுதிகளில் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் செட்டில்மெண்ட் நுழைந்தது. இதில் உருவான கிராமக் கணக்குகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இண்டெக்ஸ் பற்றிய பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. 'அ' பதிவேடும் அடங்கலும் சர்வே எண் வரிசையில் எழுதப்படுகின்றன. சிட்டா பட்டா எண் வரிசையில் எழுதப்படுகிறது. விவரம் ஒன்றுதான்: இன்ன துண்டு நிலம், இத்தனை பரப்பு, இன்னார் பேரில், இவ்வளவு தீர்வை. ஒரே விவரத்தை இரண்டு வரிசையில் இரண்டு தடவை எழுதிவைத்தார்கள். 'இந்த நிலம் யாருடையது' என்று கேட்டால் 'அ' பதிவேடு. 'இந்த ஆள் எவ்வளவு கட்ட வேண்டும்' என்று கேட்டால் சிட்டா. ஆட்சிக்கு வேண்டிய இரண்டு கேள்விக்கும் இரண்டு இண்டெக்ஸ் ஆச்சு. பட்டா மாறினால் இரண்டிலும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றதில் திருத்தாமல் விட்டதால் பிறந்த வழக்குகள் இந்தப் பக்கத்து முன்சீப் கோர்ட்டுகளில் பரம்பரைச் சொத்து மாதிரி தொடர்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலே கர்ணம் இருந்தார். ஏட்டைப் புரட்டாமலேயே பதில் சொன்ன மனிதர். "அதா, ஓடைக்கு மேக்கால பங்காளி பாகம் பிரிச்ச துண்டு, அவங்க பாட்டன் காலத்துலயே கிரயமாயிடுச்சு" என்று திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார். இன்றைய கணினி மொழியில் அடிக்கடி கேட்கப்படும் விடையைப் பக்கத்திலேயே எடுத்துவைத்துக்கொள்வது. பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பங்களில் வாரிசாக இறங்கிய பதவி இது. ஆகவே யாருக்கு உடனே பதில், யாருக்கு 'நாளைக்கு வா' என்பதும் அந்தத் திண்ணையிலேயே தீர்மானமாயிற்று. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கர்ணத்தோடு போனது சாதி அதிகாரம் மட்டுமல்ல, ஏட்டில் எழுதப்படாத இண்டெக்ஸும் போயிற்று. அதே காலத்தில், 1979 தொடங்கி 1987 வரை, யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய எண்கள் உடைந்து உட்பிரிவுகளாகி, பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. தெரிந்தவர் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. இரண்டும் ஒருசேர நடந்ததன் விளைவுகளை நம் சமூக அறிவியலாளர்கள் இன்னும் சரிவர எழுதவில்லை என்றே கருதுகிறேன்.

இங்கே பத்திரப்பதிவு ஆபீசையும் தொட்டுவிட வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இண்டெக்ஸ் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. முதல் இண்டெக்ஸ் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்ப்படி; இரண்டாவது சொத்துப்படி. வில்லங்கச் சான்று வாங்குவது என்பது இந்த இரண்டாவது இண்டெக்ஸில் ஒரு கேள்வி கேட்பதுதான். கட்டணத்தைத் தேடும் வருடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கினார்கள்; கணினி வருவதற்கு ரொம்ப முன்பே, புரட்டும் பக்கத்துக்குக் காசு என்று கேள்வியின் விலை கணக்கிடப்பட்டிருக்கிறது. 2018இல் ஸ்டார் 2.0 வந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு இன்றும் மேனுவல் இ.சி.தான். வாங்குபவர், விற்பவர், கடன் கொடுக்கும் வங்கி ஆகிய மூன்று பேரின் கேள்விக்கும் இங்கே பாதை உண்டு. குத்தகைக்கு உழுதவர் வாய்ப்பேச்சில் உழுதவர். அவர் இந்த ஏட்டில் ஏறவே இல்லை. அவருக்காகவே 1969இல் குத்தகைதாரர் உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. அந்த ஏட்டில் பெயர் ஏறுவதற்கு நிலக்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி நான் சொல்ல வந்த மையமான உதாரணத்துக்கு வருகிறேன். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு கேள்வி கேட்டது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்திடம் 30 தர ஏக்கருக்கு மேல் இருக்கிறதா? 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. எளிய கேள்வி போலத் தெரிகிறது. கிராமக் கணக்குகளை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடிப் பாருங்கள். பட்டா எண் அந்தந்தக் கிராமத்துக்குள் மட்டுமே செல்லும். குன்னத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் 112ஆம் பட்டா வைத்திருப்பவரும் செந்துறைப் பக்கம் 47ஆம் பட்டா வைத்திருப்பவரும் ஒரே ஆள்தான் என்று சொல்ல எந்தப் பொது எண்ணும் கிடையாது. இருப்பது பெயர். ஒரு ஏட்டில் தகப்பன் பெயரோடு, இன்னொன்றில் இனிஷியலோடு, வேறொன்றில் சாதிப் பட்டத்தோடு. மனைவி பேரில் பாதி, கோயில் டிரஸ்ட் பேரில் மீதி. இரண்டு அட்டவணைகளை இணைக்க வேண்டிய சாவி இல்லாதபோது, ஒவ்வொரு வரியையும் மற்ற ஒவ்வொரு வரியோடும் ஒப்பிட வேண்டும். ஆயிரம் வரிக்கு ஆயிரம் வரி என்றால் பத்து லட்சம் ஒப்பீடு. தாலுகா முழுக்க என்றால் ஆயுசு போய்விடும். அரசுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் அந்தச் சட்டம் வரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பவரே படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆரம்பிக்கிறது. தன் அட்டவணையைக் கேட்க முடியாத அரசு நிலக்காரரையே கேட்டது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. உச்சவரம்பு ஏன் தோற்றது என்று நமது இடதுசாரித் தோழர்கள் எழுதியவற்றில் வர்க்கம் இருக்கிறது, அரசின் தன்மை இருக்கிறது, பினாமி இருக்கிறது. ஏட்டின் வரிசை இல்லை. தீர்வை வசூலுக்காக அடுக்கிய ஏட்டைக்கொண்டு பங்கீட்டுக் கேள்வியைக் கேட்டதும் தோல்வியின் ஒரு காரணம் என்பது என் வாதம்.

இதே 1970இல்தான் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரி பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். அன்றைய தரவுத்தளங்களில் மூன்று சார்புகள் இருப்பதாக அவர் குறை சொன்னார்: வரிசையைச் சார்ந்திருப்பது, இண்டெக்ஸைச் சார்ந்திருப்பது, அணுகும் பாதையைச் சார்ந்திருப்பது. கேட்பவர் உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரியாமலேயே எதையும் கேட்க முடிய வேண்டும் என்பது அவருடைய கனவு. ஒருவகையில் கேள்வியின் விடுதலை. எந்தக் கேள்வியும் சட்டவிரோதமல்ல. ஆனால் கேட்கலாம் என்பதும் விடை வரும் என்பதும் வேறு வேறு. 1979இல் பாட்ரிசியா செலிங்கரும் சகாக்களும் அதே நிறுவனத்தில், எந்தப் பாதையில் போனால் செலவு குறைவு என்று இயந்திரமே கணக்குப் போடும் முறையைத் தந்தார்கள். இன்றைய உறவுமுறைத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. இண்டெக்ஸ் இருக்கும் கேள்விக்கு மலிவான பாதை. இல்லாத கேள்விக்கு முழு அலசல், அதன் பிறகு 'நேரம் கடந்துவிட்டது' என்ற அறிவிப்பு. தடைசெய்யாமலேயே ஒரு கேள்வியைச் சாகடிக்க முடியும் என்பதை ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த இயந்திரம் தன்னிடமுள்ள புள்ளிவிவரத்தை நம்பித்தான் பாதையைத் தேர்கிறது. புள்ளிவிவரம் பழசானால் தப்பான பாதையில் போகும். அதற்காக அவ்வப்போது அதைப் புதுப்பிக்க வேண்டும். நம்மூர் ஜமாபந்தியும் பசலி முடிகிற சமயத்தில் ஏறக்குறைய இதைத்தான் செய்ய வேண்டும். செய்கிறதா என்பது வேறு.

இப்போது கணினியில் ஏறிவிட்ட தமிழ்நிலத்துக்கு வருவோம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. அதில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் எண்ணோ பெயரோ. கூட்டு இண்டெக்ஸ் என்பார்கள். டெலிபோன் டைரக்டரி மாதிரி, முதல் பகுதி தெரியாமல் இரண்டாவதைத் தேட முடியாது. கிராமத்துக்குள் ஒரு நிலத்தைத் தேடுபவருக்கு இது மின்னல் வேகம். தாலுகா முழுக்க ஒரே கையில் இருப்பதைத் தேடுபவருக்குப் பழைய சுவர்தான், இப்போது கண்ணாடியில்.

அந்த முதல் பகுதியே நிலையாக இல்லாத ஊர் இது. உடையார்பாளையம் தாலுகாவில் ஒரு புஞ்சை, இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அது 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரிலிருந்து மறுபடி அரியலூர். பன்னிரண்டு வருடத்தில் நான்கு தடவை மேல் அடுக்கு மாறியது. பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல என்பதால் இரண்டு துறை ஏடுகளும் ஒரே நேரத்தில் மாறுவதும் இல்லை. பழைய ஆவணத்தைத் தேடிப்போகிறவருக்கு எந்தக் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம் என்பதே முதல் கேள்வி ஆகிவிடுகிறது. நிலம் கையகமாவது இந்தக் குழப்பத்துக்காகக் காத்திருக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லுக்காகச் சிமெண்ட் ஆலைகளும், ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காக அரசும், பெரம்பலூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகத் தனியாரும் இந்த வருடங்களிலேயே நிலம் எடுத்தார்கள். எடுப்பவரிடம் சர்வே எண் பட்டியல் இருந்தது. அந்தத் திசையில் இண்டெக்ஸ் நன்றாக வேலை செய்யும். கொடுத்தவரின் பக்கத்திலிருந்து, 'எங்க தாலுகாவுல மொத்தம் எத்தனை ஏக்கர் எந்தெந்தக் கம்பெனிக்குப் போச்சு' என்று கேட்டால் அது எதிர்த் திசைக் கேள்வி.

பஞ்சமி நிலம் இதைவிடக் கொடிய உதாரணம். செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை அடுத்து 1892இல் பிறந்த ஆணையின்படி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிபந்தனையோடு தரிசு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்த பிறகு இந்தக் கேள்வி தமிழகம் முழுக்கப் பரவியது. எந்தக் கிராமத்தில் எந்த எண்? நிபந்தனை ஏட்டில் எங்கே எழுதப்பட்டது என்று பாருங்கள். குறிப்புக் கலத்தில். சர்வே எண்ணுக்கு ஒரு கலம், பரப்புக்கு ஒரு கலம், தீர்வைக்கு ஒரு கலம். தலித்தின் உரிமைக்கு ஓரத்தில் இடம். 'டி.சி.' என்று ஓர் இடத்தில், 'ஆதிதிராவிடர் நிபந்தனை' என்று இன்னோர் இடத்தில், தோன்றியபடி எழுதிய வாசகம். கணினியில் ஏற்றினாலும், வாக்கியத்தின் நடுவில் எங்கோ கிடக்கும் சொல்லைத் தேடும்போது பி-மரம் உதவாது. அதற்கு முதல் எழுத்திலிருந்து வர வேண்டும். மீண்டும் முழு அலசல். அதிலும் யுடிஆரின்போது அந்தக் குறிப்புகளே பல இடங்களில் புது ஏட்டுக்கு வராமல் விடுபட்டன என்பது நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் குற்றச்சாட்டு. இல்லாத சொல்லை எந்த வேகமான இயந்திரமும் தேடித் தராது.

கணினிக்காரரிடம் போனால் தீர்வு சுலபம். குறிப்பிலிருந்து நிபந்தனையைப் பிரித்துத் தனிக் கலமாக்கு, அதன்மேல் இண்டெக்ஸ் போடு. நிபந்தனை உள்ள வரிகளுக்கு மட்டும் பகுதி இண்டெக்ஸ் போட்டாலும் போதும், இடமும் மிச்சம். உரிமையாளருக்கு மாநிலம் தழுவிய எண் ஒன்று கொடு. தாலுகாவாரி மொத்தத்தை இரவில் கணக்கிட்டுத் தனி அட்டவணையில் வைத்துவிடு. உத்தரவு இருந்தால் நடக்கிற வேலைதான். (உரிமையாளர் எண் என்பது கண்காணிப்புக்கும் பயன்படும் என்ற பயம் எனக்கு உண்டு. ஏழையின் இரண்டு குழியைத் தேடும் வேகம் பெரியவரின் இருநூறு ஏக்கருக்கு வராது என்பதும் அனுபவம். இதைத் தனியே விவாதிக்க வேண்டும்.)

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன பதில் வருகிறது? "அந்த மாதிரி தொகுத்து வைக்கலீங்க." எழுத்தில் வரும்போது 7(9) பிரிவைக் காட்டி, அலுவலகத்தின் உழைப்பை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் என்கிறார்கள். கேட்ட வடிவத்தில் தர வேண்டுமா என்பதைப் பற்றி மட்டும் பேசுகிற பிரிவு அது. மறுப்பதற்கான பிரிவு அல்ல. முழு அலசலின் செலவைச் சட்ட மொழியில் சொல்வதற்கு அது பயன்படுகிறது. ஆனால் அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை இந்த உரிமைக்கு வசதியான முறையில் பட்டியலிட்டு, இண்டெக்ஸ் செய்து வைக்க வேண்டும் என்கிறது. கேட்கும் மக்களின் உரிமைக்கு வசதியான முறையில் என்பதை நாம் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். 1908இன் 55ஆம் பிரிவு சொத்தை வாங்கி விற்பவருக்கு இண்டெக்ஸ் தந்தது; தொண்ணூற்றேழு வருடம் கழித்து ஒரு சட்டம் கேட்பவருக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் மனுக்களில் நாம் இந்தப் பிரிவை எடுத்துக்கொள்வதே இல்லை, பட்டியலைத்தான் கேட்கிறோம். பட்டியல் இல்லை என்றதும் திரும்பிவிடுகிறோம்.

அதுவரை கையால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, யுடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலையும் இப்போதைய 'அ' பதிவேட்டு நகலையும் வாங்குவது. அறுபது பக்க நோட்டு ஒன்றில் நான்கு கலம்: பழைய எண், புதிய எண், பழைய குறிப்பு, இன்றைய பட்டாதாரர். பழைய குறிப்பில் எதுவும் எழுதியிருக்கும் வரிகளை மட்டும் எடுத்து எழுதினால் போதும். பகுதி இண்டெக்ஸ் ஆயிற்று. ஒரு கிராமத்துக்கு இரண்டு பேர், நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். அடுத்த கிராமத்து நோட்டும் இதே கலங்களில் இருக்க வேண்டும், கிராமத்தின் பெயரோடு அன்றைய மாவட்டத்தின் பெயரையும் மேலே குறித்துவிட வேண்டும்.